வேரைப் பார்த்த போகம்

என் வீட்டுக்காரர் பல வருடமாக ஸ்பூனில்தான் சோறு சாப்பிட்டார். பெரிய இடத்துப் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷெட்டில் அவருக்கு டிரம் ஓட்டுகிற வேலை. டிரம் என்றால் ஓர் அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய். உள்ளே தோலையும் மருந்தையும் போட்டுச் சுழல விடுவார்கள். கையுறை வழுக்குகிறது என்று வெறுங்கையால் ஈரத்தோலை இழுத்து இழுத்து, இரண்டு உள்ளங்கையும் வெடித்துப் பிளந்திருந்தன. குழம்பு பட்டால் உப்பும் காரமும் அந்த வெடிப்புக்குள் இறங்கும். கல்யாணப் பந்தியில்கூடச் சட்டைப் பையிலிருந்து ஸ்பூனை எடுப்பார். எதிர் வரிசையில் யாராவது சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டரம்மா அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, களிம்பு எழுதிக் கொடுத்தார். "களிம்பு ரெண்டாவதுதான். அந்த வேலைய விட்டாத்தான் இது ஆறும். இல்லன்னா கை மடங்காமப் போய்டும்" என்றார். திரும்பும்போது லாங் பஜாரில் களிம்பு வாங்க நுழைந்தோம். கைவண்டிக்கும் பைக்குக்கும் நடுவே, நிற்கக்கூட இடமில்லாத அந்த நெரிசலில் நின்றுகொண்டு, "நான் பயிர் வைக்கப்போறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலாற்றுக் கரையோரம் அவருடைய அப்பா விட்டுப்போன ஒரு துண்டு நிலமும் கிணறும் இருந்தது உண்மை. முள் முளைத்துக் கிடந்ததும் உண்மை.

நான் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தையல் கோணலா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது என் வேலை. ஒரு பொருளில் குற்றம் கண்டுபிடிக்காமல் விட்டால் எனக்குச் சம்பளம் இல்லை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. ஆகவே அவர் முதல் போகம் நெல் வைத்தபோது நான் சொல்லாத குற்றம் இல்லை. ஆனால் பயிர் என் வாயை அடைத்துவிட்டது. அவ்வளவு பச்சை! பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக எங்கள் நிலம் தெரியும். "அதோ, எங்களுது" என்று பக்கத்தில் இருப்பவளைத் தட்டிக் காட்டுவேன்.

அறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். கதிர் நிமிர்ந்து நின்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மணி ஏறிய கதிர் தலை சாயாமல் இருக்காது. அடுத்த போகம் யூரியாவைக் கூட்டினார். பயிர் இடுப்புக்கு மேல் வளர்ந்து, காற்றடித்தபோது படுத்துக்கொண்டது. அதிலும் பதர்தான். வைக்கோலாவது மிஞ்சியது. பக்கத்து வீட்டு மாடு எங்களை வாழ்த்தியிருக்கும்.

மூன்றாவது போகத்துக்கு நாற்று விட்டபோது சொல்லிவிட்டார்: "இதுவும் பதரானா நான் டிரம்முக்கே போய்ட்றேன்." பழைய ஷெட்டு மேஸ்திரி அதற்குள் போன் பண்ண ஆரம்பித்திருந்தார். டிரம் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம்.

கை அப்போது நன்றாகவே ஆறியிருந்தது. வெடிப்பு மூடி, புதுத்தோல் வந்து, வெளிர் நிறத்தில் கோடுகள்தான் மிச்சம். "இன்னாங்க, இப்பதான் கை நல்லாயிடுச்சே. கையால சாப்புடுங்களேன்" என்றேன். அவர் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. "மறுபடி அங்கதான போவப்போறேன். கையால துன்னு ருசி கண்டுட்டா அப்பறம் பேஜார்" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் ரசப் பாத்திரத்தை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன். கோபம் அவர் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாததால் பாத்திரத்தின் மேல் காட்டினேன்.

எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. எத்தனையோ வருடமாக இந்தப் பக்கத்து மண்ணில் இறங்கிய உப்பு. குடிக்க நாங்கள் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். ஆனாலும் நிலத்துக்கு வேறு தண்ணீர் கிடையாது. ஆற்றில் தண்ணீர் ஓடுவது ஒரு திருவிழா மாதிரி, எப்போதாவதுதான். அதனால் எங்கள் ஊரில் வயலில் ஏறிய தண்ணீரை யாரும் வெளியே விட மாட்டார்கள். வரப்பில் நண்டு வளை இருந்தால்கூட ஓடிப்போய் அடைப்பார்கள். கரண்ட் வரும் நேரம் பார்த்து இறைத்த தண்ணீர் அது. உப்போ சப்போ, நிற்கட்டும் என்பார்கள்.

மூன்றாவது நடவு முடிந்து கொஞ்ச நாளில் அடி இலைகளில் துரு விழுந்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள் வந்தன. அதற்கு முன்பே அவர் உரமெல்லாம் போட்டாயிற்று. டிஏபி, துத்தநாக சல்பேட், பொட்டாஷ் எல்லாவற்றையும் படுதாவில் ஒன்றாகக் கொட்டி, மண்வெட்டியால் புரட்டி, ஒரே வீச்சில் வீசிவிட்டார். ஆள் கிடைப்பதில்லை, ஒரே வேலையாக முடியட்டும் என்று. புள்ளியைப் பார்த்ததும் மேலே யூரியா போட்டார். நுனி பச்சையானது. அவருக்கு நிம்மதி. எனக்குப் பழைய பச்சையின் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் பாய் வந்தார். ஷெட்டில் இவருக்கு அடுத்த டிரம்மில் இருந்தவர். தோஸ்த் என்றால் அப்படியொரு தோஸ்த். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவர்கள் இருவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள். மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார், அழைக்க வந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை லீவில் இருந்தேன். டீ குடித்துவிட்டு மூன்று பேரும் நிலத்துக்குப் போனோம். வரப்பில் நின்று இவர் பெருமையாகக் கையை நீட்டினார்.

"எப்டிக்கீது கலரு?"

"கலரு ஜோராத்தான் கீது. வெட்டிப் பாத்தியா?"

"இன்னாத்த வெட்றது?"

"இன்னாடா கேக்கற? கலரைப் பாத்துட்டு டிரம்ம நிறுத்துவியா நீ?"

எனக்குப் புரியவில்லை. பாய் என் பக்கம் திரும்பி விளக்கினார். குரோம் மருந்து போட்ட தோல் மேலே பார்த்தால் சீக்கிரமே நீலமாகிவிடுமாம். அதை நம்பி டிரம்மை நிறுத்தினால் போச்சு. கழுத்துப் பக்கம், தோல் தடிப்பாக இருக்கும் இடத்தில், ஒரு துண்டு வெட்டி, வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளைக் கோடு நின்றால் மருந்து இன்னும் உள்ளே ஏறவில்லை. "மேல ஏறினதுக்குப் பேரு சாயம், தங்கச்சி. உள்ள ஏறினாத்தான் தோலு" என்றார். இதை இவர் தினமும் செய்தவர். எத்தனை துண்டு வெட்டியிருப்பார்! தன் நிலத்தில் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். ஒரு நெல் குத்தைப் பிடித்து இழுத்தார். சேறு சொட்டச் சொட்ட வேர் வந்தது. கறுப்பு. தலைமுடிக் கற்றையை நனைத்து எடுத்தாற்போல, உருவினால் கையோடு வந்தது. கூடவே அழுகின முட்டை நாற்றம். பாய் ஒருமுறை மோந்துவிட்டு இவரைப் பார்த்தார். இவர் அவரைப் பார்த்தார்.

"சுண்ணாம்புக் குழி" என்றார் இவர்.

"அதேதான்" என்றார் பாய்.

முடி நீக்கத் தோலைப் போட்டு வைக்கிற குழியின் நாற்றமாம். இருவருக்கும் மூக்கிலேயே ஊறிப்போனது. இவர் அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றிலேயே நின்றார். அந்த வேலையிலிருந்து தப்பித்து வந்த மனுஷனுக்கு அதே நாற்றம் தன் வயலிலிருந்து வந்தால் எப்படி இருக்கும்? பாய் மட்டும் விடவில்லை.

"உரம் எப்டிப் போட்ட?"

"எல்லாத்தையும் கலந்து ஒரே வீச்சு."

"டிரம்ல அப்டிக் கொட்டுவியா? உப்பு, ஆசிட், குரோம், சோடா, எல்லாத்தையும் ஒண்ணா?"

"கொட்டினா மேஸ்திரி ஒதைப்பாரு."

"அப்பறம்?"

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். வயலில் ஒருவர், வரப்பில் ஒருவர். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிச்சது போதும், யாரையாவது போய்க் கேளுங்க" என்றேன்.

மறுநாள் பாய் வேலைக்குப் போகாமல் இவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் போனார். மகள் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது அந்த மனுஷனுக்கு. இதை நான் மறக்கவே மாட்டேன். அங்கே இருந்த மேடம் சின்ன வயசு. கறுத்த வேரைப் பார்த்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நிலத்துக்கே வந்துவிட்டார். மண் எடுத்தார், கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்தார். மண் பரிசோதனை முடிவு கொஞ்ச நாள் கழித்து வந்தது. ஆனால் சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொன்னார். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக நிலத்துக்குப் போனதால் நானும் கேட்டேன்.

"மண்ணுல சத்து இல்லாம இல்லண்ணா. நீங்க போட்டதே நெறைய கீது. செடியால எடுக்க முடியல, அவ்ளோதான். தண்ணி உப்பு. அது நின்னு நின்னு சுண்டும்போது உப்பு ஜாஸ்தியாவுது. வேருக்கு மூச்சே இல்ல. துத்தநாகத்தை டிஏபியோட கலந்துட்டீங்க, அது ரெண்டும் ஒண்ணையொண்ணு புடிச்சிக்கிச்சு. யூரியா மட்டும்தான் உள்ள போவுது. அதான் இலை, இலை, இலை. மணிக்குள்ள பால் ஏர்றதுக்கு மத்ததெல்லாம் வேணாமா?"

என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். யூரியாவை நிறுத்த வேண்டும். துத்தநாகத்தை இனி மண்ணில் போடாமல் இலையில் தெளிக்க வேண்டும். வேர் தேறும்வரை இலை வழியாகக் கொஞ்சம் குடிக்கட்டும். பொட்டாஷைக் கதிர் உருவாகும் சமயத்தில் தனியாகப் போட வேண்டும். கடைசியாக, வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விட வேண்டும். மண்ணில் மயிரிழையாக வெடிப்பு தெரிகிற வரைக்கும் காய விட வேண்டும். முதல் மழை வந்தால் அதையும் பிடித்து வைக்காமல் வயலைக் கழுவிக்கொண்டு ஓடவிட வேண்டும்.

தெளிக்கச் சொன்னதற்கு இவர் தலையாட்டினார். யூரியாவுக்கும் ஆட்டினார். தண்ணீர் என்றதும் தலை நின்றுவிட்டது. மேடம் போன பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பு மூலைக்குப் போனார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். தோலில் கத்தி வைக்கத் தயங்காதவர், ஒரு பிடி மண்ணை வெட்டத் தயங்கினார்.

"இன்னாங்க, நல்ல நேரம் பாக்கறீங்களா?" என்று கத்தினேன்.

"எறைச்ச தண்ணிடி."

"எறைச்ச உப்பு. அதுல பருப்பு வேவல, நெல்லு வேவுமா?"

வெட்டினார். தண்ணீர் கலங்கலாக வாய்க்காலில் இறங்கியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நான் பார்க்காதது போல் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் மழை வந்தது. ஊரே வரப்பை உயர்த்திக்கொண்டிருந்தது. இவர் மட்டும் வெட்டின மடையை இன்னும் அகலமாக வெட்டினார். பக்கத்து நிலத்துக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார். "மழைத் தண்ணிய வாய்க்கால்ல வுடறான்யா. தோல் ஷெட்டுல இருந்தவனுக்குப் பயிரு எப்டித் தெரியும்" என்றார், எங்களுக்குக் கேட்கும்படியே. எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் எனக்கே உள்ளுக்குள் உதறல் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மழை வரவில்லை. தினமும் வெயில். பக்கத்து வயல்களில் தண்ணீர் பளபளத்தது. எங்கள் வயலில் வெடிப்பு பெரிதாகிக்கொண்டே போனது. மத்தியானத்தில் இலைகள் சுருண்டன. மேஸ்திரியின் போன் வந்தது. இவர் "பாக்கலாம்ணா" என்றார். அதற்கு முன் "யோசிக்கிறேன்" என்றுதான் சொல்லிவந்தார். இந்தப் "பாக்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குக் கம்பெனியில் நல்ல ஷூவையெல்லாம் குற்றம் சொல்லி ஒதுக்கிவைத்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

மேடத்துக்குப் போன் பண்ணினால், "கொஞ்சமா நனைங்க, நிக்க வுடாதீங்க. ஒரு செடியப் புடுங்கிப் பாருங்கண்ணா" என்றாராம். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றபோது, இவர் கையில் ஒரு நெல் குத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றார். லுங்கியெல்லாம் சேறு. பஸ் முழுக்கப் பெண்கள். "யக்கா, மாமா உனக்குப் பூங்கொத்து கொண்டாந்துகீறாரு" என்று ஒருத்தி கூவினாள். நான் வெட்கத்தோடு இறங்கினேன். அவர் எதையும் கவனிக்கவில்லை.

"பாரு" என்றார்.

கறுத்த வேர்களுக்கு நடுவில் வெள்ளை வேர்கள். புதிது. சேமியா மாதிரி மெல்லிசாக, பளிச்சென்று, நிறைய. நான் அதுவரை ஒரு வேரைப் பார்த்து அழுததில்லை. பஸ் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு அழுதேன்.

அடுத்த மழை, கடலில் ஏதோ புயல் சின்னம் என்று டிவியில் சொன்ன வாரம் வந்தது. அதை நாங்கள் மடையை அடைத்துப் பிடித்துக்கொண்டோம். அந்த மழைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். சாமி கும்பிடும்போது தனியாக அதற்கென்று ஒரு கும்பிடு போடுவேன். கதிர் உருவாகும் நேரத்தில் பொட்டாஷ் போட்டார். அதை மட்டும், தனியாக, வேறெதிலும் கலக்காமல், டிரம்மில் குரோம் போடுகிற பயபக்தியோடு. கதிர் வெளியே வந்ததும் தினமும் ஒரு மணியை நசுக்கிப் பார்ப்பார். ஒருநாள் நகத்தில் பால் ஒட்டியது. அந்த விரலைத் துடைக்காமல் வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டினார். பாய்க்குப் போன் போட்டு, "தோஸ்த், உள்ள ஏறிடுச்சு" என்றார். அந்தப் பக்கம் பாய் என்ன சொன்னார் என்று தெரியாது. இவர் சத்தமாகச் சிரித்தார்.

பொங்கலுக்குக் கடை அரிசிதான் பொங்கினோம். எங்கள் நெல் அதற்குப் பிறகுதான் அறுப்புக்கு வந்தது. கதிர்கள் தலை சாய்ந்திருந்தன. மெஷின் வந்து அறுத்துக் கொட்டியபோது பதர் இல்லாமல் இல்லை. உப்பு ஜாஸ்தியாக இருந்த கீழ் மூலையில் நிறையவே இருந்தது. நல்ல தண்ணீர் பாயும் ஊர்க்காரர்கள் எங்கள் குவியலைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் அது நெல். கையை விட்டால் உள்ளே போகாமல் கனத்து நின்றது. போன இரண்டு போகமும் கையை விட்டால் முழங்கைவரை சர்ரென்று போய்விடும். குடை பிடித்துக்கொண்டு பேசிய அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் வந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "எந்த மூலைல மடை வெட்டினே?" என்று கேட்டார். இவர் கூட்டிப்போய்க் காட்டினார். நானும் அவரை மன்னித்துவிட்டேன்.

முதலில் அரைத்த அரிசியில் ஒரு பை பாய் வீட்டுக்கு, ஒரு பை மேடத்துக்கு. மேடம் வேண்டவே வேண்டாம் என்றார். "மண்ணு டெஸ்ட் பண்ணீங்க இல்ல, இதையும் டெஸ்ட் பண்ணுங்க" என்று வைத்துவிட்டு வந்தேன். அடுத்த போகத்துக்கு முன்னால் தழை உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொல்லியிருந்தார். ஜிப்சம் போடவும் சொல்லியிருந்தார். உப்பு ஒரே போகத்தில் போய்விடாது, வருடா வருடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அதெல்லாம் அப்புறம்.

அன்று மத்தியானம் வீட்டில் முதல் சோறு வடித்தேன். புது அரிசியின் பதம் பிடிபடாமல் குழைந்துபோனது. பூண்டு ரசமும் அப்பளமும் மட்டும்தான். தட்டை வைத்தேன், பக்கத்தில் பழக்கமாக ஸ்பூனையும் வைத்தேன். அப்போது போன் அடித்தது. மேஸ்திரி.

இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தார். "இல்லண்ணா. வரல" என்றார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேச்சு. "இல்லண்ணா, பயிர் வச்சிக்கீறேன்" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுக் கட் பண்ணினார்.

பிறகு ரசத்தை ஊற்றச் சொன்னார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். வலது கையை அப்படியே சோற்றில் வைத்துப் பிசைந்தார். முதலில் மெதுவாக, எரியுமோ என்று பார்ப்பவர் போல. பிறகு ஐந்து விரலும் மடங்க அழுத்திப் பிசைந்து, உருட்டி வாயில் போட்டார். "கொழைஞ்சிட்ச்சி" என்றார், வாய் நிறைய. "குத்தம் சொல்றது என் வேலை, நீங்க துன்னுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே விரலை நக்கினார்.

நான் ஸ்பூனை எடுத்துக் கழுவிப் பொட்டாஷ் சாக்கில் போட்டுவைத்தேன். இப்போது அந்த ஸ்பூனால்தான் அளந்து உரம் வைக்கிறார், வாசலில் இருக்கும் என் ரோஜாச் செடிக்கு.